கலகத்தைப் படம் பிடித்தது யார்?

காரைக்குடியில் பழைய படங்களைச் சீர்செய்து கொடுப்பது என் தொழில். வாட்ஸ்அப்பில் வந்த கட்டபொம்மனின் ‘ஒரிஜினல் போட்டோ’வைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டுக் கேட்பவர்கள் உண்டு. கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்டது 1799இல், மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்டது 1801இல். போட்டோ எடுக்கும் முறையை உலகத்துக்கு அறிவித்ததே 1839இல்தான். கட்டபொம்மன் என்றதும் நம் கண்ணுக்குள் வந்து நிற்பது 1959இல் சிவாஜி முறுக்கிய மீசை. அந்த முகம் ஊர் ஊராக வீரத்தையும் ரோஷத்தையும் ஊட்டியது, அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. நடிகரின் முகம் என்பது மட்டும் நினைவில் இருக்கட்டும்.

இதைவிடச் சிக்கலான கலகம் ஒன்று நம் செட்டிநாட்டு வளவு வீடுகளுக்குள்ளேயே, பர்மாவிலிருந்து வந்த பெட்டிகளில் கிடக்கிறது. 1930 டிசம்பரில் தராவடி மாவட்டத்தில் பர்மிய விவசாயிகள் கிளர்ந்தெழுந்தார்கள். நெல் விலை படுத்துவிட்டது, தலைவரி அப்படியே நின்றது. தலைவர் சாயா சான். அவர்களுடைய சின்னம் கலோன், அதாவது நாகத்தை நசுக்கும் கருடன். நாகம் யார் என்று யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை, வெள்ளைக்காரன்தான். எழுத்து வாசனை இல்லாதவனுக்கும் பார்த்த மாத்திரத்தில் புரிகிற படம். அதையே உடம்பில் பச்சை குத்திக்கொண்டார்கள், குண்டு துளைக்காது என்று நம்பினார்கள்.

அரசாங்கம் அந்தப் பச்சையையும் தாயத்தையும் முன்னால் தள்ளி, கலகத்தை வெறும் மூடநம்பிக்கை என்று காட்டியது. வரியும் கடனும் பின்னுக்குப் போய்விட்டன. ஆனால் படம், அதை எடுத்தவன் சொன்னபடியே எப்போதும் கேட்காது. 1931இல் பர்மாவின் புரோம் நகரில், கொல்லப்பட்ட கலகக்காரர்களின் வெட்டிய தலைகளைக் காட்சிக்கு வைத்திருந்த போட்டோ ஒன்று வெளியே போய், லண்டன் நாடாளுமன்றம்வரை கேள்வி கிளம்பியது. அதே ஆண்டு நவம்பரில் சாயா சானைத் தூக்கிலிட்டார்கள். 1987இல் பர்மா அரசு அடித்த 90 கியாட் நோட்டில் இருப்பது அவர் முகம்.

இதில் நாம் எங்கே நிற்கிறோம்? கீழ்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல், அங்கே வட்டிக்குக் கடன் கொடுத்த நம் செட்டியார்கள் கையில் இருந்த நிலம் சுமார் 6 சதவீதம். கடன் வசூலாகாமல் அடமானம் முழுகி முழுகி, 1938க்குள் அது சுமார் 25 சதவீதம் ஆனது. பர்மிய விவசாயி அந்த ஆண்டுகளை எப்படி நினைவில் வைத்திருப்பான் என்று யோசித்துப் பாருங்கள். நம் வீட்டு ஆல்பங்களில் இருப்பதோ புத்தர் கோயில், தேக்கு இழுக்கும் யானை, ரங்கூன் அஹுஜா கம்பெனியின் சாயம் பூசிய தபால் அட்டை, கிட்டங்கியில் (செட்டியார்கள் தங்கித் தொழில் பார்த்த இடம்) எடுத்த குரூப் போட்டோ. கலகம் நடந்த நாட்டிலிருந்து வந்த படங்கள் என்று சொன்னால்தான் தெரியும்.

அப்படி ஒரு கிட்டங்கிப் படம் போன மாதம் என் மேசைக்கு வந்தது. நடுவில் நாற்காலியில் கடையை நடத்தும் மேலாள், பக்கத்தில் அவருக்கு உதவியான அடுத்தாள், கீழே சம்மணம் போட்டு எடுபிடி வேலை பார்க்கும் பெட்டியடிப் பையன். இடது ஓரத்தில் பர்மியத் தலைக்கட்டோடு ஒருவர், அட்டைச் சட்டம் அவரைப் பாதியில் மறைத்திருந்தது. “எங்க ஐயா இருக்கிற வரைக்கும் போதும், அந்த ஆளை வெட்டிருங்க” என்றார் கொண்டுவந்தவர். “சட்டத்தைக் கொஞ்சம் பெரிசாப் போட்டுக்குவோம் அண்ணே, அவரும் இருக்கட்டும்” என்றேன். அட்டையைப் பிரித்ததும் முழு ஆளும் வெளியே வந்தார். கையில் மடித்த குடை, காலில் செருப்பு இல்லை. காவல்காரரா, குத்தகைக்காரரா, தெரியாது. வெட்டியிருந்தால் இந்தக் கேள்விகூட வந்திருக்காது.

செயலியில் போட்டு வண்ணம் ஏற்றுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. அந்தத் தலைக்கட்டு பச்சையா ரோஜாவா என்று செயலிக்கு எப்படித் தெரியும்? அதுவாக ஒன்றைப் பூசிவிடும், அடுத்த தலைமுறை அதையே சத்தியம் என்று சொல்லும். வண்ணப்பிரதி வேண்டுமென்றால் தனியாக எடுத்துக்கொள்ளுங்கள், அசலின் ஸ்கேனை அழித்துவிடாதீர்கள்.

வெட்டிய தலைகள் மாதிரியான படம் உங்கள் ஆல்பத்தில் அகப்பட்டால், ‘ஜப்பான்காரன் அட்டூழியம்’ என்று தலைப்புக் கட்டிக் குடும்பக் குழுவில் போட்டுவிடாதீர்கள். 1942இல் ஜப்பான்காரன் படையெடுத்தபோது எல்லாவற்றையும் விட்டுவிட்டு நடந்தே வந்த கதை நம் வீடுகளில் அவ்வளவு பலமாக இருப்பதால், பர்மாவில் நடந்த எல்லாக் கொடுமையும் அந்தக் கணக்கிலேயே பற்றாகிவிடுகிறது. முதலில் படத்தைத் திருப்பிப் பாருங்கள். ஸ்டூடியோ முத்திரை, தேதி, யாரோ கிறுக்கிய ஒரு வரி எல்லாம் பின்பக்கத்தில்தான் இருக்கும். இரண்டு பக்கமும் ஸ்கேன் எடுங்கள். வீட்டில் வயதான ஆச்சி இருந்தால் உட்காரவைத்து ஒவ்வொருவராகப் பெயர் கேளுங்கள். பெயரைப் பின்னால் பென்சிலில் லேசாக எழுதுங்கள், பால்பாயின்ட் பேனா வேண்டாம். அழுத்தி எழுதினால் முகத்தில் தடம் விழுந்துவிடும்.