யூபிலி ஆண்டு என்பது பொன்விழா ஆண்டு அன்று

2025ஆம் ஆண்டைக் கத்தோலிக்கத் திருச்சபை யூபிலி ஆண்டாக, அதாவது பாவமன்னிப்புக்கும் ஒப்புரவுக்கும் உரிய புனித ஆண்டாக, கடைப்பிடித்தபோது, அதைப் ‘பொன்விழா ஆண்டு’ என்றும், இருபத்தைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை வருவதால் ‘வெள்ளிவிழா ஆண்டு’ என்றும், மகிழ்ச்சியோடு சேர்த்துப் பொருள்கொண்டு ‘மகிழ்ச்சி ஆண்டு’ என்றும் பெயர்த்து எழுதுவது மிகுந்துவிட்டது. மூன்றும் தவறு. முதல் பெயர்ப்பு மூலச்சொல்லின் பொருளையே தலைகீழாக்கிவிடுவதால் அதை விரிவாக மறுக்க வேண்டியிருக்கிறது.

சொல்லின் பிறப்பு எளியது. ‘யோபேல்’ என்ற எபிரேயச் சொல் ஆட்டுக்கடாவையும், ஊதுகருவியாகப் பயன்பட்ட அதன் கொம்பையும் குறிக்கும். அந்தக் கொம்பொலியால் அறிவிக்கப்பட்ட ஆண்டுக்கு அதுவே பெயராயிற்று. விவிலியத்தின் கிரேக்க மொழிபெயர்ப்பாளர்கள் ஒலியை விட்டுப் பொருளைப் பிடித்து ‘அபெசிஸ்’, அதாவது விடுவிப்பு, என்றார்கள். லத்தீனுக்குள் வந்தபோது, மகிழ்ந்து ஆர்ப்பரித்தலைச் சுட்டும் ‘யூபிலாரே’ என்ற வினையின் சாயல் இச்சொல்லின்மேல் ஏறிக்கொண்டது. ‘மகிழ்ச்சி ஆண்டு’ என்னும் பெயர்ப்பு இந்த ஒலி ஒற்றுமையை நம்பி நிற்கிறதே தவிர, எபிரேய மூலத்தை அல்ல.

இனிப் பொன்விழாவுக்கு வருவோம். பொன்விழா என்பது பின்னோக்கி எண்ணுவது: ஒரு நிறுவனம் தொடங்கியோ, ஒருவர் குருத்துவம் பெற்றோ ஐம்பது ஆண்டுகள் ஆனபின் அந்நிகழ்வை நினைந்து மகிழ்கிறோம். விவிலியத்தின் லேவியராகமம் நூல் 25ஆம் அதிகாரத்தில் வரும் யூபிலியில் இத்தகைய தொடக்க நிகழ்வு எதுவும் கொண்டாடப்படவில்லை. ஏழு ஏழாண்டுகள் கடந்தபின், ஏழாம் மாதம் பத்தாம் நாளான பாவநிவாரண நாளில் எக்காளம் ஊதப்படும். அடிமைப்பட்டவர் தம் குடும்பத்துக்குத் திரும்புவர். விற்ற நிலம் உரியவரிடம் மீளும். அவ்வாண்டில் விதைப்பும் அறுப்பும் இல்லை. இன்னும் கூர்ந்து நோக்கினால், அடுத்த யூபிலிக்கு எத்தனை ஆண்டுகள் எஞ்சியிருக்கின்றன என்பதைக் கொண்டே நிலத்தின் விலை கணிக்கப்பட்டது. நிலம் ஆண்டவருடையது என்பதால் அறுதி விற்பனைக்கே அங்கு இடமில்லை. வரப்போகும் விடுதலையை நோக்கி முன்னோக்கி எண்ணும் இந்த ஏற்பாட்டுக்கு, கடந்துபோன காலத்தைப் பாராட்டும் விழாவின் பெயரைச் சூட்டினால், கடனாளியும் அடிமையும் அந்தச் சொல்லிலிருந்து காணாமல் போய்விடுகிறார்கள்.

குழப்பத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 1887இலும் 1897இலும் விக்டோரியா அரசியின் ஆட்சியாண்டு விழாக்களுக்கு ஆங்கிலேயர் இதே சொல்லை வழங்கினர்; அவற்றைப் பொன்விழா, வைரவிழா என்று தமிழில் சொல்வது முற்றிலும் பொருத்தம். ஆனால் அரண்மனை வழக்கைப் பெயர்த்த சொல்லைத் திருமறை வழக்குக்கும் அப்படியே ஒட்டிவிடுவது, இடம் பாராமல் அகராதியை மட்டும் பார்க்கும் மொழிபெயர்ப்பு. ஏழை நாடுகளின் கடனை நீக்கக் கோரிய ‘யூபிலி 2000’ இயக்கத்தைப் ‘பொன்விழா 2000’ என்று எழுதிப் பார்த்தால் அதன் கோரிக்கையே விளங்காது.

உரோமை வழக்கின் கணக்கும் ஐம்பதோடு கட்டுண்டதன்று. திருத்தந்தை எட்டாம் போனிபாஸ் 1300இல் முதல் புனித ஆண்டை அறிவித்தபோது நூறாண்டுக்கு ஒருமுறை என்றே வகுத்தார். ஆறாம் கிளமென்ட் அதை ஐம்பதாக்கியதால் 1350இல் அடுத்தது வந்தது. பின்னர் இரண்டாம் பவுல் இருபத்தைந்தாக்கினார். இடைவெளி எப்படி மாறினாலும் பாவமன்னிப்பும் ஒப்புரவும் மாறவில்லை. ஆகவே பெயரும் எண்ணிக்கையைச் சார்ந்திராமல் செயலைச் சார்ந்திருக்க வேண்டும்.

தமிழ் விவிலியங்கள் ‘யூபிலி’ என்ற ஒலிபெயர்ப்பைக் காத்துவந்திருப்பது சரியே. விவிலிய வாசகத்தில் அதுவே நிற்கட்டும். விளக்கிச் சொல்ல வேண்டிய இடங்களில் ‘விடுதலை ஆண்டு’ என்பதே தகுந்த தமிழ். நாசரேத்துத் தொழுகைக்கூடத்தில் இயேசு வாசித்த ஏசாயாவின் பகுதியும், சிறைப்பட்டோரின் விடுதலையையும் ஆண்டவர் அருளும் ஆண்டையும் ஒரே மூச்சில் கூறுகிறது. இதைவிட வலுவான சான்று எனக்குத் தேவைப்படவில்லை.

இதே கவனக்குறைவு வரலாற்று நினைவுகளிலும் புகுந்திருக்கிறது. எந்த நினைவாண்டு வந்தாலும் ‘விழா’ என்ற ஒட்டைச் சேர்த்துவிடுகிறார்கள். மார்ட்டின் லூத்தர் 1517இல் தொடங்கிய சீர்திருத்தத்தின் 500ஆம் ஆண்டு நிறைவை லூத்தரன், கத்தோலிக்கத் திருச்சபைகள் சேர்ந்து அணுகியபோது, திருச்சபையின் பிளவைக் கொண்டாட இயலாது என்பதால் ‘பொது நினைவுகூரல்’ என்ற தொடரையே கவனமாகத் தெரிந்தெடுத்தன. 2016 அக்டோபர் 31 அன்று சுவீடனின் லுண்ட் பேராலயத்தில் நடந்த கூட்டு வழிபாட்டில் நன்றியோடு மனம்வருந்துதலும் இடம்பெற்றது. அதைத் தமிழில் ‘சீர்திருத்தப் பெருவிழா’ என்று எழுதினால், அவர்கள் வேண்டுமென்றே தவிர்த்ததை நாம் அவர்கள் வாயில் திணித்தவர்களாவோம்.

கி.பி. 325இல் திருச்சபை ஆயர்கள் கூடிய நீசேயா பொதுச்சங்கத்துக்கு 2025இல் 1700 ஆண்டுகள் நிறைந்தன. அதை ‘1700ஆம் ஆண்டு நிறைவு’ என்று எழுத வேண்டும். அதே ஆண்டில் அமைந்த யூபிலியை அதனோடு கலந்து, சங்கத்தின் யூபிலி என்று எழுதியவர்கள் இரண்டையும் பிரித்துத் திருத்திக்கொள்வது நல்லது: முன்னது ஆண்டு நிறைவு, பின்னது விடுதலை ஆண்டு.