விளக்கு எரிகிறது, சரி... எர்த் இருக்கிறதா?

இங்கிலாந்தில் வீட்டை வாடகைக்கு விடுபவர் ஐந்து வருடத்துக்கு ஒருமுறையாவது அதன் வயரிங்கைத் தகுதியுள்ள ஆளை வைத்துச் சோதிக்க வேண்டும். 2020 ஜூலை 1 முதல் புதிய வாடகை ஒப்பந்தங்களுக்கும், 2021 ஏப்ரல் 1 முதல் பழைய ஒப்பந்தங்களுக்கும் இது சட்டம். ஸ்காட்லாந்து 2015-லேயே முந்திக்கொண்டது.

'சுவிட்சைப் போட்டால் எல்லாம் எரிகிறதே, அப்புறம் எதற்குச் சோதனை?' என்று சில வீட்டுக்காரர்கள் கேட்பார்கள். எரிவதற்கு ஃபேஸ், நியூட்ரல் இரண்டும் போதும். கசியும் மின்சாரத்தைத் தரைக்குக் கொண்டுபோகும் எர்த் வயர் சுவருக்குள் அறுந்து கிடந்தாலும் கெட்டிலில் தண்ணீர் கொதிக்கும். கெட்டில் பழுதாகி, அதன் இரும்பு உடம்பில் மின்சாரம் ஏறும் நாளில்தான் விஷயம் தெரியும்.

அதனால் எலக்ட்ரீஷியன் முதலில் மெயினை அணைக்கிறார். மின்சாரம் இல்லாத வயர்களில் தன் மீட்டரிலிருந்து 500 வோல்ட் நேர்மின்சாரத்தைச் செலுத்துகிறார். வயரின் மேலுறை நன்றாக இருந்தால் மீட்டர் குறைந்தது 1 மெகாஓம் (பத்து லட்சம் ஓம்) தடை காட்ட வேண்டும். பழைய வீடுகளில் ரப்பர் உறை போட்ட வயர் இன்னும் இருக்கலாம். காய்ந்துபோய், தொட்டாலே பொடிப்பொடியாக உதிரும். சுவரை உடைக்காமலே மீட்டர் அதைக் காட்டிக்கொடுக்கக்கூடும்.

அப்புறம் மின்சாரத்தைப் போட்டு ஆர்.சி.டி.யை, அதாவது மின்சாரம் கசிந்தால் தானே அணைந்துவிடும் பாதுகாப்பு சுவிட்சை, சோதிப்பார். எனக்கு மிகவும் பிடித்த கருவி இதுதான். ஒரு சின்ன இரும்பு வளையத்துக்குள் ஃபேஸ், நியூட்ரல் இரண்டும் போகின்றன. போன மின்சாரம் அப்படியே திரும்பினால் இரண்டின் காந்தப்புலமும் ஒன்றையொன்று அடித்துவிடும். கொஞ்சம் உங்கள் உடம்பு வழியாகத் தரைக்குப் போய்விட்டால் கணக்கு இடிக்கும். வளையத்தில் காந்தப்புலம் மிஞ்சும், சுவிட்ச் விழும்.

எவ்வளவு இடித்தால் விழும்? வீடுகளில் வழக்கமாக 30 மில்லி ஆம்பியர். உடம்பின் தடை சுமார் 1000 ஓம் என்றால் 230 வோல்ட்டில் 230 மில்லி ஆம்பியர் பாயும். உயிரைப் பறிக்க அது தாராளம். ஆனால் பிளக் பாயிண்டுகளுக்குப் போட்டிருக்கும் 32 ஆம்பியர் பிரேக்கருக்கு அது கொசுக்கடி. பிரேக்கர் காப்பது வயரை, மனிதரை அல்ல. ஆர்.சி.டி.யும் சர்வரோக நிவாரணி இல்லை: ஃபேஸையும் நியூட்ரலையும் சேர்த்துப் பிடித்தால் அது உங்களை இன்னொரு ஹீட்டர் என்றே நினைத்துக்கொள்ளும்.

அதிலுள்ள டெஸ்ட் பட்டனை ஆறு மாதத்துக்கு ஒருமுறை அழுத்திப் பார்ப்பது நல்லது. ஆனால் பட்டன் காட்டுவது சுவிட்ச் விழுகிறதா என்பதை மட்டுமே. எத்தனை வேகத்தில் விழுகிறது, எர்த் இருக்கிறதா என்பதெல்லாம் மீட்டருக்குத்தான் தெரியும்.

கண்ட குறைகளுக்கு அறிக்கையில் குறியீடு போடுவார்கள். சி1 என்றால் ஆபத்து இப்போதே இருக்கிறது. கைக்கு எட்டும் இடத்தில் திறந்து கிடக்கும் ஃபேஸ் வயர் அப்படி. சி2 என்றால் ஆபத்தாக மாறக்கூடியது. எஃப்.ஐ. என்றால் இன்னும் தோண்டிப் பார்க்க வேண்டும். இந்த மூன்றில் ஒன்று வந்தாலும் 28 நாளுக்குள் வீட்டுக்காரர் கவனித்தாக வேண்டும். சி3 வெறும் பரிந்துரை. வீட்டுக்குள் மட்டும் பயன்படும் பிளக் பாயிண்டுக்கு ஆர்.சி.டி. இல்லாததைப் பெரும்பாலும் சி3 என்றே விட்டுவிடுகிறார்கள்; அது எனக்கு உடன்பாடில்லை.

குடியிருப்பவருக்கும் அறிக்கையின் நகல் 28 நாளுக்குள் வர வேண்டும். வந்ததும் முதல் பக்கத்தில் 'திருப்தி' என்று இருப்பதைப் பார்த்து மூடிவிடாதீர்கள். பின்னால் உள்ள அட்டவணையில் ஆர்.சி.டி. விழுந்த நேரம் மில்லி விநாடியில் இருக்கும். 300-க்குள் இருக்க வேண்டும். கட்டம் காலியாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள்.