வாடகை வீட்டில் தீ: உரிமையாளர் பொறுப்பு எது, நிர்வாகத்தின் பொறுப்பு எது?

"வீடு ஏஜென்ட் கையில் இருக்கிறது, வெளியே உள்ளதை மெனேஜ்மென்ட் பார்த்துக்கொள்ளும், மாதம் பிறந்தால் எனக்கு வாடகை வந்தால் போதும்." கோலாலம்பூரின் செந்தூலிலும் பிரிக்பீல்ட்ஸிலும் வீட்டை வாடகைக்கு விட்டிருக்கும் நம்மவர்கள் பலர் இப்படிச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஏஜென்ட் வாடகையை வசூலித்துத் தரலாம். தீ விஷயத்தில் உரிமையாளருக்கு உள்ள பொறுப்பை அவர் தலையில் கட்டிவிட முடியாது.

அடுக்குமாடி வீடு என்றால் வாசற்கதவுதான் எல்லை. உள்ளே இருப்பது உரிமையாளர் பாடு. வெளியே இருக்கும் படிக்கட்டு, நடைபாதை, அபாய மணி, ஹோஸ் ரீல், தீயணைப்புக் கலன் எல்லாம் பொதுச் சொத்து. அவற்றைப் பராமரிக்கும் கடமையை 2013ஆம் ஆண்டு ஸ்ட்ராட்டா (அடுக்குமாடிச் சொத்து) நிர்வாகச் சட்டம் ஜேஎம்பி (கூட்டு நிர்வாக அமைப்பு) அல்லது எம்சி (நிர்வாகக் கழகம்) எனப்படும் நிர்வாகத்திடம் கொடுத்திருக்கிறது. நாம் மாதாமாதம் கட்டும் பராமரிப்புக் கட்டணமும் சிங்கிங் ஃபண்டும் (பெரிய பழுதுகளுக்கான சேமிப்பு நிதி) இதற்கும் சேர்த்துத்தான். கட்டடத்துக்குத் தீ காப்புறுதி எடுப்பதும் நிர்வாகத்தின் வேலையே. ஆனால் வாடகைக்காரரின் கட்டில், டிவி, துணிமணிக்கு அந்தக் காப்புறுதி ஈடு தராது. சாவியைக் கொடுக்கும் நாளிலேயே இதை அவரிடம் சொல்லிவிடுங்கள்.

தீயணைப்புக் கலனை ஆண்டுதோறும் சோதித்துப் புதுப்பிக்க வேண்டும். அதன் மேல் ஒட்டியிருக்கும் தேதியைப் பாருங்கள். கடந்திருந்தால் ஒரு படம் எடுத்து, நிர்வாகத்துக்கு எழுத்தில் அனுப்பி, நகலை வைத்துக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சாகச் சொன்னதை நாளைக்கு யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

நடைபாதைச் சண்டை எல்லா அடுக்குமாடியிலும் உண்டு. 2015ஆம் ஆண்டு ஸ்ட்ராட்டா விதிமுறைகள் இதில் தெளிவாக இருக்கின்றன. படிக்கட்டையும் தப்பிக்கும் வழியையும் எந்த நேரத்திலும் அடைக்கக் கூடாது. சைக்கிள், பூச்சட்டி, அலமாரி எது இருந்தாலும் நிர்வாகம் முன்னறிவிப்பு இல்லாமலே அகற்றலாம். அறிவிப்பு ஒட்டிய 14 நாளுக்குள் 200 ரிங்கிட் வரையிலான கட்டணத்தைக் கட்டி மீட்காவிட்டால், பொருளைத் தூக்கிப் போடவும் அதிகாரம் உண்டு. இதைக் கேட்டுச் சிலருக்குக் கோபம் வரும். நான் நிர்வாகத்தின் பக்கம்தான். புகையில் கண் தெரியாமல் சுவரைத் தடவிக்கொண்டு இறங்கும் ஒரு பாட்டியின் காலில் அந்தப் பூச்சட்டிதான் முதலில் தட்டும்.

அப்புறம் கதவுகள். படிக்கட்டுக் கூடத்தில் இருக்கும் கனமான தீக்கதவு தானாக மூடிக்கொள்ள வேண்டும். புகையைத் தடுத்து நிறுத்துவது அதுதான். காற்று வரட்டும் என்று செங்கல்லையோ செருப்பையோ முட்டுக்கொடுத்து வைத்தால், அது இருந்தும் இல்லாத கதை. பல உயர்மாடிகளில் வீட்டு வாசற்கதவும் இதே வகைதான். அழகுக்காக அதைக் கழற்றிவிட்டுச் சாதாரண மரக்கதவு போடும் உரிமையாளர்கள், வாடகைக்காரரின் பாதுகாப்பையும் சேர்த்துக் கழற்றிவிடுகிறார்கள்.

நான் மிகவும் பயப்படுவது கம்பிக் கதவுக்குத்தான். 2017 செப்டம்பர் 14 விடியலில் கோலாலம்பூர் கம்போங் டத்தோ கெராமட்டில் ஒரு சமயப் பள்ளி விடுதி எரிந்தது. மாணவர்களும் விடுதிக் காப்பாளர்களுமாக 23 பேர் இறந்தார்கள். ஜன்னல் கம்பிகளைத் தாண்டி அவர்களால் வெளியே வர முடியவில்லை. திருட்டுக்குப் பயந்து நாமும் எல்லா ஜன்னலுக்கும் கம்பி அடித்து, வாசலில் இரண்டு பூட்டு போடுகிறோம். வாடகைக்கு விடும்முன் படுக்கையறைப் பக்கம் ஒரு கம்பியாவது உள்ளிருந்து திறக்கும்படி மாற்றுங்கள். அதன் சாவி எப்போதும் ஒரே ஆணியில், பிள்ளைகளுக்கும் தெரியும் இடத்தில் தொங்கட்டும்.

வீட்டுக்குள் அடுத்து கவனிக்க வேண்டியது மின்சாரம். தண்ணீர் சூடாக்கிக்கு 10 மில்லி ஆம்பியர் ஆர்சிடி, அதாவது மின்கசிவு ஏற்பட்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி, வேண்டும். பிளக் இணைப்புகளுக்கு 30. பழைய வீடுகளில் இது சரியாக இருக்கிறதா என்று எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற வயர்மேனை அழைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஆர்சிடியில் இருக்கும் சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்ப்பது வாடகைக்காரரின் வேலை என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடலாம்.

பினாங்கில், குறிப்பாக ஜார்ஜ் டவுன் பழைய கடைவீடுகளில், நிலைமை வேறு. மரத்தளம், ஒரே படிக்கட்டு, கீழே கடை, மேலே பலகையால் தடுத்த அறைகள். அப்படித் தடுப்பதற்கே மாநகர் மன்ற அனுமதி தேவை. குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட விடுதி, ஹோட்டல், மருத்துவமனை, பேரங்காடி, தொழிற்சாலை போன்றவற்றுக்கு 1988ஆம் ஆண்டு தீயணைப்புச் சேவைச் சட்டப்படி பொம்பா எனப்படும் தீயணைப்புத் துறையின் தீச் சான்றிதழும் வேண்டும். அதை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். இல்லாவிட்டால் வழக்கு உரிமையாளர் மீதுதான் வரும். தொழிலாளர்களைத் தங்கவைக்கும் வீட்டுக்கு முதலாளி தொழிலாளர் துறையிடம் தங்குமிடச் சான்றிதழ் பெற வேண்டும். பெறாமல் தங்கவைத்தால் 50,000 ரிங்கிட் வரை அபராதம். முதலாளி கேட்டார் என்று வீட்டைக் கொடுக்கும் நம்மவர்கள் அந்தச் சான்றிதழைக் காட்டச் சொல்லிக் கேட்பது நல்லது.

பொம்பா அதிகாரி சோதனைக்கு வந்து ஆபத்தைக் கண்டால், குறித்த காலத்துக்குள் சரிசெய்யச் சொல்லி அறிவிப்பு கொடுப்பார். அதைக் கண்டுகொள்ளாமல் விடுவது தனிக் குற்றம். ஆபத்து பெரிதாக இருந்தால் நீதிமன்ற உத்தரவு பெற்றுக் கட்டடத்தை மூடவும் சட்டத்தில் வழி உண்டு.

சரி, நிர்வாகம் அசையவே இல்லை என்றால்? மாநகர் மன்றத்தில் கட்டட ஆணையர் அலுவலகம் இருக்கிறது, கோலாலம்பூருக்கும் பினாங்குக்கும் தனித்தனியாக. எழுதி அனுப்பிய கடிதங்கள், எடுத்த படங்கள், தேதிகளோடு அங்கே போங்கள். அடைபட்ட படிக்கட்டு, தண்ணீர் வராத ஹோஸ் ரீல் பற்றி அருகிலுள்ள பொம்பா நிலையத்திலும் புகார் செய்யலாம். வாடகைக்காரரே நேரில் போய்ச் சொன்னாலும் எடுத்துக்கொள்வார்கள். தீ கண்ணில் பட்டுவிட்டால் யாரையும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம். வெளியே இறங்கி 999.