பெஞ்ச்மார்க்னா தமிழ்ல என்ன? உரைகல்தான்

பெஞ்ச்மார்க்னு சொன்னா இப்போ கம்ப்யூட்டரோட வேகத்த ஒப்பிடற ஸ்கோர்தான் ஞாபகம் வருது, ஆனா அந்த வார்த்தை வந்தது நிலம் அளக்கறவங்ககிட்ட இருந்து. 19ஆம் நூற்றாண்டுல இங்கிலீஷ்காரங்க சர்வே பண்ணும்போது கல்லுலயோ சுவத்துலயோ படுக்கவாட்டுல ஒரு வெட்டு செதுக்கி வைப்பாங்க, அதுல ஒரு இரும்புப் பட்டைய பொருத்தினா பெஞ்ச் மாதிரி நிக்கும், அதுமேல அளவுகோல நிறுத்தி உயரம் பார்ப்பாங்க. பத்து வருஷம் கழிச்சு வேற ஆள் வந்தாலும் அதே வெட்டுலேர்ந்துதான் அளக்கணும்.

கம்ப்யூட்டர்ல அப்படி ஒரு பொதுவான வெட்டு ரொம்ப நாள் இல்ல. செகண்டுக்கு எத்தனை மில்லியன் இன்ஸ்ட்ரக்‌ஷன்னு கணக்கு காட்டுவாங்க, ஆனா ஒரு ப்ராசஸர் ஒரே இன்ஸ்ட்ரக்‌ஷன்ல முடிக்கற வேலைய இன்னொண்ணு அஞ்சுல முடிக்குதுன்னா அந்த எண்ணிக்கைய வச்சு என்னத்த ஒப்பிடறது? 1970கள்ல வெட்ஸ்டோன், 1984ல ட்ரைஸ்டோன்னு வேகம் பார்க்கறதுக்குன்னே சின்னச் சின்ன ப்ரோக்ராம் வந்துச்சு. 1988லதான் ஒருத்தருக்கொருத்தர் போட்டியா இருந்த கம்பெனிங்களே ஒண்ணா உக்காந்து ஸ்பெக்னு ஒரு அமைப்ப ஆரம்பிச்சாங்க. அவங்க முதல் தொகுப்புல நிஜ வேலைக்கு நெருக்கமா 10 ப்ரோக்ராம், வாக்ஸ் 11/780ங்கற பழைய மெஷின் ஒவ்வொண்ணையும் முடிக்க எடுத்த நேரத்த புது மெஷின் எடுத்த நேரத்தால வகுத்தா வர்றதுதான் அந்தந்த ப்ரோக்ராமுக்கான ஸ்கோர். அதுலயும் மேட்ரிக்ஸ்300ங்கற ஒரு ப்ரோக்ராமுக்கு மட்டும் கம்பைலர்காரங்க, அதாவது ப்ரோக்ராம மெஷினுக்குப் புரியற மாதிரி மாத்தித் தர்ற சாஃப்ட்வேர் எழுதறவங்க, தனியா வழி கண்டுபிடிச்சு நம்பர எக்கச்சக்கமா ஏத்திட்டாங்க, அதனால 1992 தொகுப்புல அத தூக்கிட்டாங்க. ஒத்துக்கிட்டா மட்டும் போதாது, அப்பப்போ திரும்பவும் கூடி ஒத்துக்கணும்.

சரி, தமிழ் சொல்லுக்கு வருவோம். அளவுகோல்னு நிறைய பேர் எழுதறாங்க, எனக்கு அது சரியா படல, ஏன்னா நொடிங்கறதே அளவுகோல்தான், பெஞ்ச்மார்க் அது இல்ல. தரநிலைன்னாலும் ஒட்டல. நான் சொல்றது உரைகல். தங்கத்த உரைகல்லுல ஒரு இழுப்பு, மாற்று (அதாவது தங்கத்தோட சுத்தம்) ஏற்கனவே தெரிஞ்ச உரையாணிங்கற ஊசிய பக்கத்துலயே ஒரு இழுப்பு, ரெண்டு கோட்டையும் வச்சுப் பார்த்து இது இத்தனை மாற்றுன்னு சொல்லுவாங்க. அப்படியே பொருந்துது பாருங்க, ப்ரோக்ராம் தொகுப்பு உரைகல், வாக்ஸ் மெஷின் உரையாணி, வர்ற ஸ்கோர் மாற்று, பெஞ்ச்மார்க் பண்றது உரைச்சுப் பார்க்கறது. வள்ளுவர் 505ஆம் குறள்ல “தத்தம் கருமமே கட்டளைக் கல்”னு சொல்றாரே, அந்தக் கட்டளைக்கல்லும் இதே உரைகல்தான், அங்கயும் ஆளோட செயல வச்சுதான் மதிப்பு. மெஷினையும் கிகாஹெர்ட்ஸ் பார்த்து எடை போடாம வேலை கொடுத்துதானே பார்க்கறோம்!

சர்வேக்காரங்களோட பெஞ்ச்மார்க்குக்கு மட்டக்குறின்னு தனியா வச்சுக்கலாம், ரெண்டையும் ஒரே சொல்லுல அடைக்க வேண்டாம்.