கம்பியின் முதுகைப் பார்த்தீர்களா?

கூரைத் தளத்தின் அடிப்பூச்சு உதிர்ந்து, துருப்பிடித்த கம்பி பல்லிளிக்கிறது. ஆள் வருகிறார், கம்பி பிரஷ்ஷால் நான்கு தேய்ப்பு, மேலே ஒரு கோட் பெயிண்ட், அதன்மேல் சிமென்ட் பூச்சு. மாலைக்குள் வேலை முடிந்துவிடும். என் வேலை நாட்களில் பாதி, இப்படி முடிந்த வேலைகளை மறுபடி உடைப்பதிலேயே போகிறது.

அண்மையில் அப்படி ஒரு தளம். பூசிய இடத்தைச் சுத்தியலால் தட்டினால் காலி டப்பாவின் ஓசை. உளி வைத்ததும் பூச்சு பாளமாகக் கழன்று வந்தது. கம்பியின் கீழ்ப்பக்கத்தில் பெயிண்ட் அப்படியே பளபளத்தது. கம்பிக்குப் பின்னால் கான்கிரீட்டைக் குடைந்து விரலை விட்டேன். துரு ஏடு ஏடாகக் கையோடு வந்தது. கண்ணுக்குத் தெரிந்த பக்கத்துக்கு மட்டும்தான் வைத்தியம் நடந்திருக்கிறது.

நல்ல கான்கிரீட்டின் காரத்தன்மை கம்பியின்மேல் மெல்லிய காப்புப் படலம் ஒன்றை உண்டாக்கும். கரியமில வாயு புகுந்து காரம் குறைந்தாலோ, உப்பு இறங்கினாலோ அந்தப் படலம் போய்விடும். துரு, தான் தின்ற இரும்பைப்போல் 2 முதல் 6 மடங்கு வரை இடம் கேட்கும். கான்கிரீட் வெடிப்பது அதனால்தான். புதிதாக உடைத்த பரப்பில் பினால்ப்தலீன் என்ற நிறங்காட்டிக் கரைசலைத் தெளித்துப் பாருங்கள்: காரம் இருக்கும் இடம் இளஞ்சிவப்பாகும், இழந்த இடம் நிறம் மாறாது. உப்பை மட்டும் இது காட்டாது. அதற்குத் தனிச் சோதனை வேண்டும்.

உடைப்பதற்கு முன் முட்டுக் கொடுங்கள். பிறகு கம்பிக்குப் பின்னால் சுமார் 20 மி.மீ. இடைவெளி கிடைக்கும்வரை குடைய வேண்டும். நீளவாக்கில், துருவில்லாத கம்பி தெரியும்வரை போக வேண்டும். துருவை முழுதும் நீக்கியபின் வெர்னியர் என்ற நுண் அளவுகோலை வைத்து, மிகவும் மெலிந்த இடத்தில் அளக்க வேண்டும். 12 மி.மீ. கம்பி 10 ஆகியிருந்தால் "ரெண்டு மில்லிதானே" என்பார்கள். பரப்பளவில் அது 113 சதுர மி.மீ.யிலிருந்து 79 ஆக இறங்கியிருக்கிறது. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பலம் போய்விட்டது.

அப்போது துணைக்கம்பி வேண்டும். வாக்குவாதம் தொடங்குவது இங்கேதான். கெட்டது 30 செ.மீ. என்றால், அதே நீளத்துக்கு ஒரு துண்டை வைத்துக் கட்டினால் பயனில்லை; விசை ஒரு கம்பியிலிருந்து மற்றதற்கு மாற, இருபுறமும் நல்ல கம்பியோடு மேற்பொருந்த வேண்டும். கம்பி விட்டத்தின் 50 மடங்கு என்று வைத்தால் பக்கத்துக்கு 60 செ.மீ.; ஆக மொத்தம் ஒன்றரை மீட்டர். சரியான நீளத்தைக் கட்டமைப்புப் பொறியாளர் கணக்கிட்டுச் சொல்வார். அவ்வளவு உடைக்க இடமில்லையென்றால், இரு கம்பி முனைகளை இணைக்கும் கப்ளர் என்ற குழல் போடலாம். வெல்டிங் என்று சொன்னால் மட்டும் நான் குறுக்கே நிற்பேன். உருட்டிய சூட்டிலேயே நீரால் குளிர்வித்துச் செய்யும் டி.எம்.டி. கம்பியின் பலம் பெரிதும் அதன் கடினமான வெளித்தோலில் இருக்கிறது. கணக்கில்லாத சூடு அதைக் கெடுத்துவிடும். கம்பியின் வேதிச் சேர்க்கையும் வெல்டிங் முறையும் தெரியாமல் தீப்பொறி பறக்கக் கூடாது.

அந்தத் தளத்தில் ஐந்து கம்பிகளைத் திறந்தோம். இரண்டுக்குத் துணை தேவைப்பட்டது. முதுகுப்பக்கம் சுத்தமாகிவிட்டதா என்று பார்க்க, பல் மருத்துவர் வைத்திருப்பது போன்ற சிறு கண்ணாடி ஒன்றை வைத்திருக்கிறேன். முதலில் கொத்தனார் சிரித்தார். மூன்றாவது கம்பியில் அவரே அதை வாங்கிப் பார்த்துவிட்டு, கலவை குழைக்கப் போன ஆளைத் திரும்பக் கூப்பிட்டார்.