பக்கேஜைக் கூட்டுமுன் ஒருமுறை பிங் பாருங்கள்

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக உள்ள ஓர் அடுக்குமாடியின் ஐந்தாம் மாடி. கதவைத் திறந்த அம்மாவுக்கு எழுபது வயது தாண்டியிருக்கும். "தம்பி, மகன் ரொறன்ரோவில. கதைக்கேக்க குரல் வெட்டி வெட்டி வருது. அவன் ஒண்டு கேக்க நான் வேற ஒண்டுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறன். ரெண்டு தரம் பக்கேஜ் கூட்டியாச்சு, ஒரு மாற்றமும் இல்லை" என்றார். பில்களை ஒரு கிளிப்பில் செருகி எடுத்து வைத்திருந்தார். ஓய்வூதியத்தில் வாழும் ஒருவர், தன் பிரச்சினையோடு சம்பந்தமே இல்லாத ஒன்றுக்காக மாதாமாதம் காசு கட்டிக்கொண்டிருந்தார்.

வீட்டு இணைய இணைப்புகளைச் சரிபார்ப்பது என் தொழில். கொட்டாஞ்சேனை, தெஹிவளை, வத்தளை என்று எங்கே போனாலும் இதே கதையைக் கேட்கிறேன். மனம் பொறுக்காமல்தான் இதை எழுதுகிறேன்.

'ஸ்பீட்' என்று நாம் சொல்லும் ஒரே சொல்லுக்குள் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. ஒரு செக்கனில் எவ்வளவு தரவு வந்து சேரும் என்பது ஒன்று. பக்கேஜ் விளம்பரத்தில் மெகாபிட் கணக்கில் போடுவது இதைத்தான். நீங்கள் அனுப்பிய ஒரு சின்னத் தரவுத் துண்டு மறுமுனைக்குப் போய், பதில் திரும்பி வர எவ்வளவு நேரம் எடுக்கிறது என்பது மற்றது. இது மில்லிசெக்கன் கணக்கு. லேட்டன்சி என்பதும் பிங் என்பதும் இதுதான். காலி வீதியை எட்டு வழிப் பாதையாக அகலப்படுத்தினாலும் காலி நகரம் கொழும்புக்குக் கிட்ட வந்துவிடாது. படம் தரவிறக்க அகலம் வேண்டும். வட்ஸ்அப் அழைப்புக்கும் ஸூம் வகுப்புக்கும் விளையாட்டுக்கும் வேண்டியது குறைந்த தாமதம். அதைவிட முக்கியம், அந்தத் தாமதம் கூடிக் குறைந்து ஆடாமல் இருப்பது. குரல் அழைப்பில் ஒருவழித் தாமதம் 150 மில்லிசெக்கனுக்குள் இருப்பது நல்லது என்கிறது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஜி.114 பரிந்துரை. அதற்கு மேலே ஏற ஏறத்தான் இருவரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்குகிறார்கள்.

தாமதத்தில் ஒரு பகுதியை யாராலும் குறைக்க முடியாது. கண்ணாடி இழைக்குள் ஒளி செக்கனுக்கு ஏறத்தாழ 2,00,000 கிலோமீற்றர் ஓடும். போய்வரக் கணக்குப் பார்த்தால் ஒவ்வொரு 100 கிலோமீற்றர் தூரத்துக்கும் 1 மில்லிசெக்கன். இங்கிருந்து சிங்கப்பூர் சுமார் 2,700 கிலோமீற்றர், ஆகவே குறைந்தது 27. இலண்டனுக்கு 87 அளவில். ரொறன்ரோவுக்கு 140ஐத் தொடும். கடலுக்கடியில் போடப்பட்ட கேபிள் நேர்கோட்டில் போவதில்லை என்பதால் நிஜத்தில் இதைவிடக் கூடத்தான் வரும். ஐரோப்பாவையும் ஆசியாவையும் இணைக்கும் சீ-மீ-வீ 5 கேபிள் மாத்தறையில் கரையேறுகிறது. கல்கிசையிலிருந்து தூத்துக்குடிக்கு பாரத்-லங்கா கேபிள் 2006இல் போடப்பட்டது. 2024இலும் 2025இலும் செங்கடலில் கேபிள்கள் அறுந்தபோது ஆசியாவுக்கும் ஐரோப்பாவுக்கும் இடையிலான போக்குவரத்து சுற்றுவழியில் போய்த் தாமதம் கூடியது. அப்படியான நாட்களில் ரவுட்டரை எத்தனை தரம் அணைத்துப் போட்டாலும் பயனில்லை. ஆனால் நான் போகும் வீடுகளில் பெரும்பாலானவற்றில் கோளாறு கடலுக்குள் இல்லை, வரவேற்பறையில்தான் இருக்கிறது.

அதைக் கண்டுபிடிக்க அரை மணித்தியாலம் போதும். மடிக்கணினியை லான் கேபிளால் நேரே ரவுட்டரில் செருகி, வைஃபையை அணையுங்கள். விண்டோஸில் கட்டளைகளை எழுத்தில் அடிக்கும் திரையான கமாண்ட் ப்ராம்ப்ட்டில் பிங் கட்டளையோடு ரவுட்டரின் முகவரியை அடியுங்கள். பெரும்பாலும் 192.168.1.1 ஆக இருக்கும். ரவுட்டரின் அடியில் ஒட்டியுள்ள தாளில் பார்க்கலாம். கடைசியில் ஒரு கழித்தல் குறியும் டி எழுத்தும் சேர்த்தால் நீங்கள் நிறுத்தும்வரை ஓடிக்கொண்டே இருக்கும். கேபிளில் 1 மில்லிசெக்கன், அதற்கும் குறைவு என்றுதான் வர வேண்டும். பிறகு கேபிளைக் கழற்றி, வழமையாக இருந்து வேலைசெய்யும் இடத்தில் வைஃபையில் அதையே பாருங்கள். சில மில்லிசெக்கன் கூடினால் பரவாயில்லை. 5, 180, 7, 320 என்று குதித்தால் உங்கள் வைஃபைதான் நோயாளி. இணைய வழங்குநரைத் திட்டுவதில் நியாயமில்லை.

ரவுட்டர் வரை சுத்தமாக இருந்தால் அடுத்தது 8.8.8.8. இணையப் பெயர்களை எண் முகவரிகளாக மாற்றித் தரும் கூகுளின் பொது டிஎன்எஸ் சேவையின் முகவரி அது. காலை 6 மணிக்கு வீட்டில் யாரும் எழும்புமுன் ஒருமுறை பார்த்து, அந்த எண்ணை எழுதி வையுங்கள். உங்கள் இணைப்புக்கு அதுதான் அளவுகோல். பக்கத்து வீட்டுக்காரரின் எண்ணோடு ஒப்பிட்டு வருந்த வேண்டாம்.

இப்போது நான் மிகவும் வலியுறுத்த விரும்பும் பரிசோதனைக்கு வருகிறேன். 8.8.8.8க்கு பிங் ஓடிக்கொண்டிருக்கும்போதே, ஃபோனிலிருந்து ஒரு பெரிய வீடியோவை கூகுள் டிரைவுக்கு ஏற்றுங்கள். 30இல் நின்ற எண் 600, 900, 1,500 என்று ஏறுகிறதா? அந்த அம்மாவின் வீட்டில் நான் பார்த்தது இதுதான். அங்கே நான் எதையும் ஏற்றவே தேவைப்படவில்லை. பாதுகாப்புக்கென்று மருமகன் பொருத்திக் கொடுத்த சிசிடிவி கமராக்கள் நான்கும் இரவு பகலாகக் கிளவுட்டுக்குக் காட்சிகளை ஏற்றிக்கொண்டிருந்தன. பக்கேஜ் கூட்டியபோது கூடியது தரவிறக்க வேகம். பழைய செப்புக் கம்பி இணைப்பில் பதிவேற்றத்துக்கு இருந்த ஒடுங்கிய வழி அப்படியே இருந்தது.

நடப்பது இதுதான். பதிவேற்ற வழி நிரம்பியதும் ரவுட்டர் மிச்சத் தரவைக் கொட்டிவிடாமல் வரிசையில் நிறுத்தி வைக்கிறது. வரிசையில் 256 கிலோபைட் நிற்கிறது, வழியோ செக்கனுக்கு 1 மெகாபிட் என்று வையுங்கள். 256ஐ 8ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 2,000 கிலோபிட். அந்த வரிசை கரைய 2 செக்கன். அம்மாவின் குரல் அதன் வாலில் நின்று தன் முறை வரும்வரை காத்திருக்கிறது. சாதாரண வேகப் பரிசோதனையின் பெரிய எண்ணில் இது தெரியாது. வரிசை இப்படி ஊதிப் பெருப்பதற்கு பஃபர்புளோட் என்று பெயர். இதற்கான மருந்தும் இருக்கிறது: கத்லீன் நிக்கல்ஸும் வான் ஜேக்கப்சனும் 2012இல் கோடெல் என்ற முறையை வெளியிட்டார்கள். ஒரு துண்டு வரிசையில் எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதைக் கவனித்து, அது கூடிப்போனால் ரவுட்டர் முன்கூட்டியே சிலதைக் கைவிடும். அனுப்பும் கருவி அதைப் புரிந்துகொண்டு வேகத்தைக் குறைக்கும்.

உங்கள் ரவுட்டரில், கோடெல் போன்ற முறையால் வரிசையைக் குட்டையாக வைக்கும் எஸ்கியூஎம் என்ற வசதி இருந்தால் அதை இயக்கி, பதிவேற்ற எல்லையை நீங்கள் அளந்த வேகத்தின் 85 முதல் 90 சதவீதத்துக்குள் வையுங்கள். வழங்குநர்கள் தரும் ரவுட்டர்கள் பலவற்றில் இது இல்லை. அந்த வீட்டிலும் இல்லை. ஆகவே கமராக்களை, அசைவு தெரியும்போது மட்டும் பதிவேற்றும்படி மாற்றினேன். ஃபோனின் புகைப்பட பேக்கப்பை நள்ளிரவுக்குத் தள்ளினேன். ஒரு ரூபாய்ப் பொருளும் வாங்கவில்லை. "அடுத்த பில்லுக்கு முன்னம் பழைய பக்கேஜுக்கே போங்கோ அம்மா" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வைஃபையைப் பற்றிச் சுருக்கமாக. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி அடுக்குமாடிகளில் ஃபோனைத் திறந்தால் இருபது, முப்பது வைஃபை பெயர்கள் வரும். 2.4 கிகாஹேர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சனல்கள் 1, 6, 11 ஆகிய மூன்றுதான். அத்தனை வீடுகளும் அவற்றைத்தான் பங்குபோடுகின்றன. மைக்ரோவேவ் அடுப்பும் அதே அலைவரிசையில்தான் இயங்குகிறது. அழைப்புக்கும் வகுப்புக்கும் பயன்படுத்தும் கருவிகளை 5 கிகாஹேர்ட்ஸுக்கு மாற்றுங்கள். அது கொங்கிரீட் சுவரைத் தாண்டத் திணறும் என்பதால் ரவுட்டரை வீட்டின் நடுவில், திறந்த இடத்தில் வைக்க வேண்டும். தொலைக்காட்சிக்குப் பின்னால், ஷோகேஸுக்குள், கண்ணாடி அலுமாரிக்கு அருகில் வைக்காதீர்கள். அசையாத கணினிக்கு லான் கேபிளே போட்டுவிடுங்கள். இதை எத்தனை தரம் சொன்னாலும் எனக்கு அலுக்காது.

செப்புக் கம்பி இணைப்பு வைத்திருப்பவர்கள் தொலைபேசியைத் தூக்கிக் காதில் வைத்துப் பாருங்கள். கரகரப்புக் கேட்டால் கம்பியில் ஈரமோ துருவோ இருக்கலாம். கடற்கரையை ஒட்டிய தெருக்களில் உப்புக் காற்று இணைப்புகளை அரித்துவிடும். மழை பெய்தால் இன்னும் மோசமாகும். ஃபைபர் என்றால் பெட்டிக்குப் பின்னால் வரும் மெல்லிய கேபிள் கூர்மையாக மடிந்திருக்கிறதா, மேசைக்கால் அதை நசுக்குகிறதா என்று பாருங்கள். முனையைக் கழற்றி விரலால் துடைக்க வேண்டாம். 4ஜி ரவுட்டர் என்றால் ஜன்னலோரம் கொண்டுபோய், அதன் அமைப்புப் பக்கத்தில், சிக்னலின் பலத்தைக் காட்டும் ஆர்எஸ்ஆர்பி எண்ணைப் பாருங்கள். மைனஸ் 90க்கு அருகில் இருந்தால் நல்லது. மைனஸ் 110ஐத் தாண்டிக் கீழே போனால் வேறு ஜன்னலைத் தேடுங்கள். சிக்னல் நன்றாக இருந்தும் இரவு 8 மணிக்கு மட்டும் இழுபடுகிறது என்றால் கோபுரத்தில் நெரிசல். அதற்கு வீட்டுக்குள் மருந்தில்லை.

வழங்குநரிடம் முறையிடுவதற்கும் ஒரு முறை இருக்கிறது. கொட்டாஞ்சேனையில் ஒரு குடும்பம் மூன்று மாதமாக "நெட் ஸ்லோ" என்று அழைத்துச் சொல்லிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு முறையும் ரவுட்டரை ரீசெட் செய்யச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்கள். பிள்ளைக்கு உயர்தரப் பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. ஐந்து நாட்கள், காலை 6 மணிக்கும் மாலை 5 மணிக்கும் இரவு 9 மணிக்கும் கேபிளில் பிங் எடுத்து ஒரு கொப்பியில் எழுதச் சொன்னேன். எழுதியது அந்தப் பிள்ளைதான். ரவுட்டர் வரை எப்போதும் 1. தரவு போகும் வழியைப் படிப்படியாகக் காட்டும் ட்ரேஸ்ரூட் கட்டளையில் ரவுட்டருக்கு அடுத்த படியில், அதாவது வழங்குநரின் முதல் கருவியிலேயே, மழை பெய்த நாட்களில் எந்த நேரத்திலும் 300க்கு மேல், இடையிடையே பதிலே இல்லை. அந்தப் பக்கங்களைப் படம் எடுத்து எழுத்துமூலம் அனுப்பி, முறைப்பாட்டு இலக்கத்தையும் கேட்டு வாங்கினார்கள். சரிவராவிட்டால் அதே கடிதத்தைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்கு அனுப்புவதாக இருந்தோம். தேவைப்படவில்லை. இரண்டு நாளில் ஆள் வந்து, ரவுட்டர் பக்கமே போகாமல், நேரே தெருமுனைக் கம்பத்தில் ஏறி ஈரம் பிடித்த இணைப்பை வெட்டிப் புதிதாகப் போட்டுவிட்டுப் போனார்.