நான்காம் அத்தியாயத்தைத் தேடுங்கள்

நாகப்பட்டினத்து மீனவ ஊரான கீச்சாங்குப்பத்திலிருந்து ஒரு வாசகர் அழைத்தார். அண்ணன் தம்பிகளோடு சேர்ந்து ஒரு விசைப்படகில் பங்கு வைத்திருப்பவர். "சார், நாடாளுமன்றக் குழு மீனவர் பத்தி அறிக்கை கொடுத்திருக்குன்னு செய்தியில சொன்னாங்க. கொடுத்தா என்ன ஆகும்? டீசல் மானியம் ஏறுமா?" என்றார்.

ஏறாது என்று சொல்லிவிட்டு போனை வைத்திருக்கலாம். ஆனால் அந்தப் பதில் பாதி உண்மைதான். அறிக்கை எதையும் ஏற்றாது, இறக்காது. ஆனாலும் அதற்குள் இயந்திரம் போன்ற ஒரு பொறி இருக்கிறது. கடல் அலையைப் பற்றி எழுதுவது போலவே அந்தப் பொறியைப் பற்றி எழுதவும் எனக்குப் பிடிக்கும்.

பள்ளிப் பாடத்தை முதலில் வேகமாகத் தாண்டிவிடுவோம். எல்லாத் துறைகளின் கணக்கையும் அவையில் உட்கார்ந்து அலச நாடாளுமன்றத்துக்கு நேரமில்லை. அதனால் 1993-ல் துறைவாரியாக 17 நிலைக்குழுக்களை அமைத்தார்கள். 2004-ல் அவை 24 ஆயின. ஒரு குழுவுக்கு 31 பேர்: மக்களவையிலிருந்து 21, மாநிலங்களவையிலிருந்து 10. அமைச்சர் யாரும் உறுப்பினராக முடியாது. ஆயுள் ஓராண்டு. மீன்வளத்துக்குத் தனி அமைச்சகம் வந்தது 2019-ல்தான். அதற்கும் ஒரு குழு உண்டு. பெயர் "வேளாண்மை, கால்நடை பராமரிப்பு மற்றும் உணவு பதப்படுத்துதல் நிலைக்குழு". ஆமாம், பெயரில் மீன் இல்லை. வாசகரிடம் சொன்னபோது சிரித்தார். "எங்களுக்குப் பழக்கம்தான் சார்" என்றார்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. அரசியல் சாசனப்படி மீன்வளம் மாநிலப் பட்டியலில் 21-வது இனம். கரையிலிருந்து 12 கடல் மைல் வரையுள்ள ஆட்சிக் கடலுக்கு அப்பால் மீன்பிடிப்பது ஒன்றியப் பட்டியலில் 57-வது இனம். கோடு கடல் நடுவில் போகிறது, மீனுக்கு அது தெரியாது. டெல்லியிலும் இப்படித்தான் பங்கு பிரித்திருக்கிறார்கள். படகுக்குக் கொடுக்கும் மானியத்தை வேளாண் நிலைக்குழு பார்க்கும். இலங்கைக் கடற்படை பிடித்தால் அது வெளியுறவுக் குழுவின் விஷயம். நம் கடலோரக் காவல்படை வந்தால் பாதுகாப்புக் குழு. ஒரு குழு கையில் எடுத்ததை இன்னொன்று பொதுவாகத் தொடக் கூடாது என்பது விதி. மல்லிப்பட்டினத்துப் படகு ஒன்று ஒரே ராத்திரியில் மூன்று குழுக்களின் எல்லைக்குள் போய்த் திரும்பிவிடும். அன்றாட நிர்வாகத்தில் குழு தலையிடக் கூடாது என்றும் விதி இருக்கிறது. அதனால் "என் படகை விடுவியுங்கள்" என்ற மனுவுக்கு அங்கே இடமில்லை. "படகுகளைப் பற்றிய கொள்கை சரியில்லை" என்பதற்கு இடம் உண்டு.

சரி, அறிக்கை எப்படி உருவாகிறது? ஒரு பழக்கமான திட்டத்தை வைத்துப் பார்ப்போம். பாக் நீரிணையில், கடலடியில் வலையை இழுத்துப் போகும் இழுவைமடிப் படகுகளைக் குறைத்து, ஆழ்கடல் படகுகளுக்கு மாற்ற 2017-ல் ஒரு திட்டம் வந்தது. தஞ்சை, நாகை மாவட்டங்களும் அதில் இருந்தன. ஒரு படகின் மதிப்பு 80 லட்சம் ரூபாய் என்று வைத்தார்கள். பாதி ஒன்றிய அரசு, 20 சதவீதம் மாநில அரசு, 20 சதவீதம் வங்கிக் கடன், மீனவர் கையிலிருந்து 10 சதவீதம். அதாவது எட்டு லட்சம் கைக்காசு, பதினாறு லட்சம் கடன்.

இப்படி ஒரு திட்டம் குழுவின் மேசைக்கு வந்தால், முதலில் துறையிடம் பின்னணிக் குறிப்பு கேட்பார்கள். அதைப் படித்துக் குழுவின் செயலகம் ஒரு கேள்விப் பட்டியல் தயாரிக்கும். குழுவுக்கு மிகவும் பிடித்த அட்டவணை ஒன்று உண்டு, துறைகளின் ஆண்டுச் செலவைப் பற்றிய எந்த மானியக் கோரிக்கை அறிக்கையைத் திறந்தாலும் கண்ணில் படும்: பட்ஜெட்டில் ஒதுக்கியது எவ்வளவு, நடுவில் திருத்தியது எவ்வளவு, கடைசியில் செலவழித்தது எவ்வளவு. பத்திப் பத்தியாக விளக்கம் எழுதித் தப்பிக்கலாம், இந்த மூன்று எண்களிடம் தப்பிக்க முடியாது.

அப்புறம் துறைச் செயலர் நேரில் வந்து சாட்சியம் சொல்ல வேண்டும். கதவைச் சாத்திவிடுவார்கள். கேமரா கிடையாது, பத்திரிகையாளர் கிடையாது. சொல்லுக்குச் சொல் பதிவாகும். அவையில் மேசையைத் தட்டும் அதே உறுப்பினர்கள் இங்கே கணக்குக் கேட்பார்கள். பார்க்க ஆளில்லாத இடத்தில் நடிப்பு குறையும் என்பது என் அபிப்பிராயம்.

ஆய்வுப் பயணம் என்றும் ஒன்று உண்டு. நம் ஊரில் பந்தல் போட்டு, பொன்னாடை போர்த்தி, "குழு வந்துவிட்டது, இனி விடிந்துவிடும்" என்று நம்புகிறோம். அந்தப் பயணக் கூட்டங்களில் முடிவு எதுவும் எடுக்கக் கூடாது என்பதுதான் நடைமுறை. தவிர, நாகைக்கு வரும் குழு பல சமயம் நாடாளுமன்றக் குழுவே அல்ல. சட்டமன்றத்தின் உறுதிமொழிக் குழுவாகவோ பொதுக்கணக்குக் குழுவாகவோ இருக்கும். மனுவின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவிக் கொடுக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மஞ்சள் கெடுதல் ஒன்றுமில்லை, எந்தக் குழுவிடம் கொடுக்கிறோம் என்று பார்த்துவிட்டுத் தடவலாம். மக்களவை மனுக்கள் குழுவுக்குத் தமிழில் எழுதினால் இந்தியிலோ ஆங்கிலத்திலோ மொழிபெயர்ப்பை இணைத்துக் கையெழுத்திட வேண்டும். மஞ்சளைவிட அதற்குப் பலன் அதிகம்.

சாட்சியம் முடிந்ததும் வரைவு அறிக்கை உறுப்பினர்களுக்குப் போகிறது. பிறகு ஏற்புக் கூட்டம். அங்கே பெரிய யுத்தம் நடக்கும் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். வரைவை முன்பே படித்துவிட்டு வருவதால் பல கூட்டங்கள் சீக்கிரமே முடிந்துவிடும். "சிறு திருத்தங்களுடன் ஏற்கப்பட்டது" என்று குறிப்பேட்டில் ஒரு வரி, அவ்வளவுதான்.

ஆனால் அந்த வரிக்குப் பின்னால் இருப்பது நம் கடற்கரைக்கு மிகவும் தெரிந்த விஷயம். மீனவ ஊர்களில் பஞ்சாயத்தார் கோயில் வாசலில் உட்கார்ந்து பேசும்போது கையைத் தூக்கச் சொல்லி எண்ணுவதில்லை. முரண்டு பிடிப்பவர் "சரி, ஊர் சொன்னா சரி" என்று இறங்கி வரும்வரை பேச்சு ஓடும். நிலைக்குழு விதியும் அறிக்கை பரந்த கருத்தொற்றுமையின் அடிப்படையில் இருக்க வேண்டும் என்கிறது. இறங்கி வராதவருக்கு ஊர்ப் பஞ்சாயத்தில் இல்லாத ஒரு வசதி இங்கே உண்டு. தன் மறுப்பை எழுதிக் கொடுக்கலாம். அந்த மறுப்புக் குறிப்பு அறிக்கையோடு சேர்ந்தே இரு அவைகளுக்கும் போகும். அறிக்கை கையில் கிடைத்தால் கடைசிப் பக்கங்களை முதலில் புரட்டுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான். ஒற்றுமை எந்த இடத்தில் கிழிந்தது என்பது அங்கே தெரியும்.

ஏற்றபிறகு துறைக்கு ஒருமுறை போகும், எண்களும் தகவல்களும் சரியா என்று பார்க்க மட்டும். பரிந்துரையில் துறை கை வைக்க முடியாது. அவையில் வைக்கும்வரை ரகசியம். வைத்த அன்று செய்தியில் ஒரு துண்டு வரும். நம் வாசகர் பார்த்தது அந்தத் துண்டைத்தான்.

அதன் பலம் என்ன? விதிப் புத்தகம் நேர்மையாகச் சொல்லிவிடுகிறது: ஏற்கத் தூண்டும் மதிப்பு உடையது, நன்கு ஆராய்ந்து தந்த ஆலோசனையாகக் கொள்ளப்படும். கட்டளை அல்ல. "அப்போ வெறும் காகிதமா சார்?" என்றார் வாசகர்.

எனக்குப் பிடித்த பொறி இந்தக் கேள்விக்குப் பிறகுதான் வேலை செய்யத் தொடங்குகிறது. அறிக்கை வந்த மூன்று மாதத்துக்குள் ஒவ்வொரு பரிந்துரைக்கும் துறை எழுத்தில் பதில் தர வேண்டும். அந்தப் பதில்களை வைத்துக் குழு இன்னொரு அறிக்கை எழுதும், நடவடிக்கை அறிக்கை என்று பெயர். விசைப்படகு கரைக்கு வந்ததும் மடியைக் கொட்டி ரகம் பிரிப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஏற்றுமதி இறால் ஒரு கூடை, ஊர் விற்பனைக்கு ஒரு கூடை, கருவாட்டுக்கு ஒன்று, மிச்சம் சங்காயம், அதாவது கழிவு மீன். நடவடிக்கை அறிக்கையும் அப்படிக் கொட்டிப் பிரிப்பதுதான்.

முதல் அத்தியாயம் குழுவின் விமர்சனம். இரண்டாவதில் அரசு ஏற்றுக்கொண்டவை. மூன்றாவதில், அரசு சொன்ன காரணத்தைக் கேட்டுக் குழுவே "சரி, இதை விட்டுவிடலாம்" என்று கைகழுவியவை. ஐந்தாவதில், இறுதிப் பதில் இன்னும் வராதவை.

நான்காவதுதான் விசேஷம். அரசு பதில் சொல்லிவிட்டது, ஆனால் குழு அந்தப் பதிலை ஏற்கவில்லை. உதாரணத்துக்கு, ஆழ்கடல் படகுக்கான வங்கிக் கடன் சுமையைக் குறையுங்கள் என்று குழு சொன்னதாக வைத்துக்கொள்வோம். "மாநில அரசுகளுக்குக் கடிதம் எழுதப்பட்டுள்ளது" என்று துறை பதில் தருகிறது. கடிதம் எழுதியதா கேள்வி? குழு அதை நான்காம் அத்தியாயத்தில் போட்டு, முதல் அத்தியாயத்தில் காரணம் எழுதி, பரிந்துரையை மீண்டும் வலியுறுத்தும். தண்டனை இல்லை, அபராதம் இல்லை. ஆனால் கேட்ட கேள்வி, வந்த பதில், போதாது என்ற தீர்ப்பு மூன்றும் ஒரே இடத்தில் அச்சாகி நிற்கின்றன. குழுவுக்கு ஓராண்டுதான் ஆயுள் என்றாலும் அடுத்து வரும் குழு அந்தக் கோப்பைத் தொடரும். 2004-ல் மக்களவைத் தலைவரின் வழிகாட்டுதல் ஒன்று இன்னொரு கொக்கியையும் சேர்த்தது: பரிந்துரைகள் எந்த நிலையில் இருக்கின்றன என்று அமைச்சர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவையில் அறிக்கை வைக்க வேண்டும். அரசு மறந்துவிடுவதுதான் எங்கும் பிரச்சினை. மறக்க விடாமல் செய்வதற்கென்றே ஒருவர் உட்கார்ந்து யோசித்திருக்கிறார் என்பது எனக்கு இன்னும் வியப்பாக இருக்கிறது.

குறை இல்லாமல் இல்லை. ஐந்தாம் அத்தியாயம் அதிகாரிகளுக்குச் செல்லப்பிள்ளை. "பரிசீலனையில் உள்ளது" என்று எழுதி அங்கே போய்ப் படுத்துக்கொள்ளலாம். இன்னொன்று தரவு. எந்த மீன் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதை ஆண்டு தவறாமல் எண்ணாமல், எத்தனை படகு போதும் என்று எந்தக் குழுவும் சொல்ல முடியாது. 1947-ல் தொடங்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 2012-ல் நாகப்பட்டினத்துக்கே மீன்வளப் பல்கலைக்கழகம் வந்துவிட்டது. கட்டடத்துக்கு வரும் பணம், வருடா வருடம் வலையில் வந்ததை எண்ணிக்கொண்டிருக்கும் அலுப்பான வேலைக்கு வருவதில்லை என்பது என் வெகுநாள் ஆதங்கம். எண்ணிக்கை என்ன செய்யும் என்பதை இந்த டெல்டாவே காட்டியிருக்கிறது. நாகை மாவட்டத்து வயல்களை இறால் பண்ணைகள் உவர்க்கச் செய்கின்றன என்று சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றம் போனார். 1996 டிசம்பரில் வந்த தீர்ப்புக்கு நாக்பூர் சுற்றுச்சூழல் ஆய்வு நிறுவனத்தின் கள அறிக்கைகள் முக்கிய ஆதாரமாக இருந்தன. 2005-ல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்தது. போராட்டம் கதவைத் திறந்தது, உள்ளே போய்ப் பேசியவை உப்பின் அளவுகள்.

இதையெல்லாம் சொல்லி, பழைய நடவடிக்கை அறிக்கை ஒன்றை அச்செடுத்து வாசகருக்கு அனுப்பினேன். ஏப்ரல் 15-ல் தடைக்காலம் தொடங்கிவிட்டது, ஜூன் 14 வரை படகு கரையில்தான். கல்லூரிக்குப் போகும் மகள் ஆங்கிலத்தைப் படித்துச் சொல்ல, வலை பின்னும் கொட்டகையில் நாலைந்து பேர் கேட்டார்களாம். ஒரு வாரம் கழித்து மறுபடி அழைத்தார்.

"மூணு மாசத்துல பதில் வரணும்னு சொன்னீங்களே சார். எப்ப வந்துச்சுன்னு இதுல தேதி இருக்கா?"

முன்னுரையில் இருக்கும் என்றேன். அறிக்கை அவையில் வைத்த தேதி, துறையின் பதில் வந்து சேர்ந்த தேதி, இரண்டுமே. போனைக் கீழே வைக்காமல் மகளிடம் பக்கத்தைப் புரட்டச் சொன்னார். அந்தப் பக்கம் யாரோ விரல்விட்டு மாதங்களை எண்ணுவது கேட்டது.